வெண்டலின் சுக்கானைப் பிடுங்கிய மைக்

வெண்டலைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல் என்றால் எனக்கு நாக்கு எழாது. இருந்தாலும் பெலிகன் துறையில் அவனை என் அளவுக்கு அறிந்தவர் யாருமில்லை. இருபத்திரண்டு வருடமாக அவனைப் பார்த்து வயிறெரிந்தவன் நான். சிநேகிதன்கூட ஒன்றிரண்டை மறந்துவிடுவான். பொறாமைக்காரன் எதையும் மறக்க மாட்டான்.

வடக்கு டகோட்டாவில் கோதுமை வயலில் டிராக்டர் ஓட்டியவன் அவன். எங்கள் மீன் குளிர்சாலைக்குக் கூரை போட அலாஸ்காவுக்கு வந்தான். ஒரு கோடை வேலை. முடித்துவிட்டு ஊர் போய்ச் சேர்ந்திருக்க வேண்டியவன். அந்த வருடம் ஜூலை நாலாம் தேதி சுதந்திர நாள் நடனத்தில் ஹெல்மி அவனைப் பார்த்துவிட்டாள். ஹெல்மியும் நானும் கடலோரமாகப் பலகை பாவிய இந்தத் தெருவில் ஒன்றாக ஓடி வளர்ந்தவர்கள். அவளை ஆடக் கூப்பிடுவதற்கு நான் இரண்டு வாரம் ஒத்திகை பார்த்திருந்தேன். சட்டைக்கு இஸ்திரி வேறு. வெண்டலுக்கு ஆடவே தெரியாது. சுவரோரமாக விறைத்துக்கொண்டு நின்றான். அவள் போய் அவன் பக்கத்தில் நின்றுகொண்டாள். நான் என் இஸ்திரிச் சட்டையோடு வீட்டுக்குத் திரும்பினேன். குளிர்காலத்துக்குள் அவர்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது.

ஹெல்மியின் அப்பா பின்லாந்துக்காரர். சாகும்போது 'லெம்பி' என்ற மரப்படகை மகளுக்கு விட்டுப்போனார். எங்களுக்கு சால்மன் தொழில். படகின் இரு பக்கமும் நீளக் கழிகளை விரித்து, ஈயக்குண்டு கட்டிய கம்பிகளை ஆழத்துக்கு இறக்கி, மனிதன் நடக்கிற வேகத்தில் படகை ஓட்ட வேண்டும். கம்பி நெடுகத் தூண்டில்கள் தொங்கும். படகின் பின்பக்கத்தில் இடுப்பளவுக்கு ஒரு குழி. அதில் நின்றுதான் கம்பியை ஏற்றி இறக்கி மீனை இழுப்பது. ஹெல்மி பன்னிரண்டு வயதிலிருந்து அந்தக் குழியில் நின்றவள். வெண்டலுக்கு முன்னறையில் சுக்கான் சக்கரம். அவன் மீனைத் தொடமாட்டான், தின்னவும் மாட்டான். ரத்தத்தைப் பார்த்தால் முகம் வெளுத்துவிடும். மீன்பிடிப் படகில் இருந்துகொண்டு பன்றி இறைச்சியும் பட்டாணியும் தின்றே காலம் தள்ளிய மனிதன் இந்தக் கரையில் அவன் ஒருவன்தான்.

ஆனால் சுக்கான் பிடிப்பான். அதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. கடலடியில் இருபது பாகம், அதாவது நூற்றிருபது அடி ஆழத்தில் ஒரு விளிம்பு வளைந்து வளைந்து ஓடுகிறது. மீன் அந்த விளிம்பில்தான் மேயும். ஓர் ஆள் நீளம் உள்ளே போனால் பாறை கம்பியைப் பிடுங்கிக்கொள்ளும், வெளியே போனால் வெறும் தண்ணீர். ஆழம் காட்டும் கருவியில் ஒரு கண், நீரோட்டத்தில் ஒரு கண் வைத்து, அந்த விளிம்பிலிருந்து பிசகாமல் நாள் முழுக்க ஓட்டுவான். எட்டு மணி நேரமானாலும் உட்காரமாட்டான். தலைக்கு மேல் கொக்கியில் அவனுடைய பெரிய டிரான்சிஸ்டர் தொங்கும், பேஸ்பால் ஆட்டம் ஓடும். பின்னால் கம்பியை இழுத்துக்கொண்டே ஹெல்மி அவ்வப்போது முன்னறைப் பக்கம் திரும்பிப் பார்ப்பாள். அவன் முதுகைத்தான். அந்தப் பார்வையை நான் எத்தனையோ தடவை என் படகிலிருந்து பார்த்திருக்கிறேன். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எழுபத்து மூன்றாம் வருடம் வசந்தத்தில் நான் சியாட்டிலிலிருந்து ஒரு தானியங்கிச் சுக்கான் தருவித்தேன். கடலோடிகள் அதை 'இரும்பு மைக்' என்பார்கள், மைக் என்பது ஆள் பெயர். நாளடைவில் வெறும் மைக். ஒரு திசைகாட்டிப் பெட்டி, ஒரு மோட்டார், சக்கரத்தோடு பிணைக்க ஒரு சங்கிலி, குழியிலிருந்தே திருப்ப நீளக் கயிற்றில் ஒரு குமிழ். திசையைச் சொல்லிவிட்டால் மைக் அதே திசையில் போய்க்கொண்டிருப்பான். எனக்கு ஆள் தேவையில்லாமல் போயிற்று. தனி ஆள் தொழிலுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் என் புத்தி அதோடு நிற்கவில்லை. ஒரு நாள் படகுத்துறையில் ஹெல்மியும் வெண்டலும் கம்பி சுற்றிக்கொண்டிருந்தபோது போய் நின்றேன்.

"ஹெல்மி, நீயும் ஒரு மைக் வாங்கிடு. சோறு கேக்க மாட்டான், தூங்க மாட்டான், பங்கு கேக்க மாட்டான்."

"எங்க படகுல ஏற்கெனவே ஆள் இருக்கு" என்றான் வெண்டல், தலையைத் தூக்காமல்.

"அதான் சொல்றேன். அந்த ஆளு பட்டாணிக்கே பாதி இடம் போயிடுதே."

டீசல் ஊற்றும் ஹார்வி கெக்கெக்கே என்று சிரித்தான். ஹெல்மி சிரிக்கவில்லை. கம்பியைச் சுற்றி முடித்துவிட்டு, "வேலை பண்ணுமா அது? நெஜமாவே?" என்று கேட்டாள். நான் என் படகுக்கு அழைத்துப்போய்க் காட்டினேன். அவள் குமிழை இடமும் வலமுமாகத் திருப்பிப் பார்த்து, சக்கரம் தானாகச் சுழல்வதைக் கவனித்தாள். மறு வாரத் தபால் படகில் லெம்பிக்கும் ஒரு பெட்டி வந்து இறங்கியது.

என் வயிற்றில் பாலை வார்த்தது போலிருந்தது. மைக் வந்தால் வெண்டல் எதற்கு? ஆள் கரையேறுவான், டகோட்டாவுக்கே போனாலும் போவான். என் கணக்கு அது. ஒளித்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை.

வேடிக்கை என்னவென்றால் அந்த மைக்கை மாட்டவேண்டியதும் வெண்டல்தான். துறையில் அவ்வளவு கைநேர்த்தியான ஆள் வேறு இல்லை. ஒத்தாசைக்கென்று நானும் போனேன். உண்மையில் அவன் முகத்தைப் பார்க்கத்தான் போனேன். சக்கரத்தின் தண்டைக் கழற்றிப் பல்சக்கரத்தை ஏற்றினான். சங்கிலியை இழுத்துப் பார்த்து, அரை விரல் தொய்வு விட்டான். கழற்றிய சக்கரத்தைத் துணியில் சுற்றித் தன் படுக்கையில் வைத்திருந்தான். அதைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

"திசைகாட்டிப் பெட்டிக்கு இடம் பாரு. ஆறடிக்கு இந்தப் பக்கம் இரும்பு கூடாது. இரும்பு கிட்ட இருந்தா மைக்குக்குப் பைத்தியம் புடிச்சுடும்" என்றேன்.

அளவுநாடாவை எடுத்துக்கொண்டு படகு முழுக்கத் தவழ்ந்தான். நங்கூரச் சங்கிலி, எண்ணெய் அடுப்பு, எஞ்சின், கத்திப் பெட்டி எல்லாவற்றையும் அளந்தான். கடைசியில் எல்லாவற்றுக்கும் தள்ளி ஒரே ஓர் இடம்தான் அகப்பட்டது. கீழறையில் அவனுடைய படுக்கைப் பலகைக்கு நேர் அடியில்.

"என் எடத்தையும் புடுங்கிக்கிட்டு என் கட்டிலுக்கு அடியிலயே படுத்துக்கிறானா?" என்றான்.

"பொண்டாட்டி கட்டிலுக்கு அடியில படுக்கலியே, சந்தோஷப்படு" என்றேன். அவன் திருப்புளியை என் மேல் எறிந்தான், பட்டிருந்தால் காது போயிருக்கும்.

சோதனைக்கு மூவரும் போனோம். மைக்கைப் பழக்க, துறைக்கு முன்னால் உள்ள குடாவில் படகை மெல்ல வட்டமாக ஓட்டி எல்லாத் திசையும் சரிபார்க்கவேண்டும். லெம்பி சுற்றிச் சுற்றி வருவதைத் துறையே நின்று பார்த்தது. பிறகு மேற்கே முகம் வைத்துக் குமிழை விட்டோம். பின்னால் நுரைத்தடம் கோடு கிழித்ததுபோல் ஓடியது. வெண்டல் வெளியே வந்து அந்தத் தடத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் போடும் தடத்தைவிட அது நேராக இருந்தது. அது எனக்கும் தெரிந்தது, அவனுக்கும் தெரிந்தது.

"நல்லா இருக்கு" என்றாள் ஹெல்மி. அவள் அதற்கு மேல் பேசுகிறவள் இல்லை. அந்தச் சொல்லே அவனைக் குத்தப் போதுமாக இருந்தது. கொக்கியிலிருந்து டிரான்சிஸ்டரைக் கழற்றி எடுத்துக்கொண்டு கீழறைக்குப் போய்ப் படுத்துவிட்டான்.

அந்தக் கோடை முழுக்க ஊர் அவனை வறுத்தெடுத்தது. கடைக்கு ரொட்டி வாங்கப் போனால், "ஏம்ப்பா, வீட்டுல மைக் சௌக்கியமா? ராத்திரிச் சாப்பாடு அவனுக்கு முதல்லயா, உனக்கு முதல்லயா?" என்பார்கள். ஹார்வி டீசல் குழாயைப் பிடித்தபடியே, "மைக்குக்கு எண்ணெய், உனக்குப் பட்டாணி, ரெண்டு பேருக்கும் ஹெல்மிதான் படியளக்கணும்" என்பான். வெண்டல் குனிந்தபடி நடையைக் கட்டுவான். காது மட்டும் சிவக்கும்.

அப்புறம்தான் மைக் தகராறு செய்ய ஆரம்பித்தான். வயர்லெஸ்ஸில் ஹெல்மியின் குரல் என்னைக் கூப்பிடும்: "செல்மர், மைக் குடிச்சிருக்கான் போல. நல்லாப் போய்க்கிட்டிருந்தவன் திடீர்னு பாறைப் பக்கம் திரும்புறான்." வெண்டல் வந்து சக்கரத்தைப் பிடித்தால் எல்லாம் சரியாகிவிடும். அவன் போய்ப் படுத்தால் மைக் மறுபடி கோணிக்கொள்வான். துறைக்கு வந்ததும் நான் ஏறிப் பார்த்தேன். ஒயரை எல்லாம் தடவினேன், சங்கிலியைப் பார்த்தேன், பெட்டியைத் திறந்து மூடினேன். ஒரு குறையும் இல்லை. வெண்டல் அடுப்படியில் டிரான்சிஸ்டரை மடியில் வைத்துக்கொண்டு, பட்டாணியைக் கரண்டியால் கிண்டியபடி, "ஆயிரம் இருந்தாலும் மனுஷன் கை மாதிரி வருமா?" என்றான். அவன் சிரித்து அன்றுதான் பார்த்தேன். மறுபடி சக்கரம் அவன் கைக்குப் போய்விடும்போலிருந்தது. எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

ஆகஸ்ட் முதல் வாரம். நல்ல வெயில், கண்ணாடிபோல் கடல். விளிம்பு நெடுக ஏழெட்டுப் படகுகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தோம். லெம்பி மேற்கே, நான் எதிர்த்திசையில் கிழக்கே. நானும் என் குழியில் நின்று மீன் இழுத்துக்கொண்டிருந்தேன், என் முன்னறையில் மைக் மட்டும்தான். நிமிர்ந்து பார்த்தால் லெம்பி வரிசையை விட்டு விலகி என் மூக்குக்கு நேரே வருகிறது. குமிழைத் திருப்பினேன், நேரம் போதவில்லை. அவள் கழியும் என் கழியும் மாட்டின. அவள் வலப்பக்கக் கழி படாரென்று முறிந்தது. என் கம்பிகளும் அவள் கம்பிகளும் கடலுக்கடியில் பின்னிக்கொண்டன. மீனைத் தூண்டிலிலிருந்து கழற்றிக்கொண்டிருந்த ஹெல்மியின் உள்ளங்கையைக் கம்பி உரசிக்கொண்டு போனது. கையுறை கிழிந்தது, ரத்தம் குழிக்குள் சொட்டியது. முகத்தில் பட்டிருந்தால் கண் போயிருக்கும்.

இரண்டு படகையும் சேர்த்துக் கட்டிவிட்டு நான் தாவி ஏறினேன். அவள் எனக்கு முன்னால் கீழறைக்கு ஓடினாள். அத்தனை சத்தத்திலும் வெண்டல் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறான். கால்மாட்டில், பலகையோடு ஒட்டினாற்போல் அந்த டிரான்சிஸ்டர் பாடிக்கொண்டிருக்கிறது. ஹெல்மி அதை அணைக்க எடுத்தாள். எடுத்த உடனே மேலே சக்கரம் கரகரவென்று தானாகத் திரும்பியது. அவள் அதைத் திரும்ப வைத்தாள். சக்கரம் மறுபடி திரும்பியது. டிரான்சிஸ்டர் ஒலிபெருக்கியில் கைப்பிடி கனத்துக்கு ஒரு காந்தம் இருக்கிறதல்லவா? இரும்பையெல்லாம் அளந்தவன் அதை அளக்கவில்லை. அப்போது அது மேலே கொக்கியில் தொங்கியது. மைக்கோடு கோபித்துக்கொண்டு அதைக் கீழே கொண்டுவந்தது அவன்தான்.

தெரியாமல் செய்த தப்பென்றால் அவள் மன்னித்திருப்பாள். ஆனால் பலகையில் பென்சில் கோடுகள் இருந்தன. வரிசையாக, அளவுகோல் வைத்துப் போட்டவை. பக்கத்தில் சின்ன எழுத்தில் ஐந்து பாகை, பத்து, இருபது. டிரான்சிஸ்டரை எந்தக் கோட்டில் வைத்தால் படகு எவ்வளவு திரும்பும் என்று குறித்து வைத்திருக்கிறான். படுத்த படுக்கையிலிருந்தே மைக்கைக் கெட்ட பெயர் வாங்க வைத்திருக்கிறான். அவள் பதறிக்கொண்டு தன்னைக் கூப்பிடட்டும் என்று அன்றைக்கு இருபதில் வைத்திருக்கிறான். வைத்துவிட்டுத் தூங்கிப்போய்விட்டான்.

ஹெல்மி கத்தவில்லை. ரத்தம் சொட்டும் கையால் அந்தக் கோடுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். வெண்டல் எழுந்து உட்கார்ந்து அவள் கையைப் பார்த்தான், முகம் வெளுத்தான்.

"ஹெல்மி, நான் வந்து..."

"துறைக்குப் போறோம். நீ எறங்கிக்கோ."

துறையில் அவன் மூட்டை, கோட்டு, டிரான்சிஸ்டர் மூன்றையும் பலகை மேல் வைத்தாள். மறுநாள் புதுக் கழி போட்டுக்கொண்டு, கையில் கட்டோடு, மைக்கை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு கடலுக்குப் போனாள். அவன் குளிர்சாலைக்கு மேலிருந்த பழைய அறையில் போய்த் தங்கினான். இருபத்திரண்டு வருடம் நான் வேண்டியது நடந்தேவிட்டது.

பத்து நாள் பொறுத்தேன். பதினோராவது நாள் மறுபடி இஸ்திரிச் சட்டை. லெம்பியில் ஹெல்மி தூண்டில் முனைகளை அரத்தால் தீட்டிக்கொண்டிருந்தாள்.

"ஹெல்மி, நான் என் படகை வித்துடறேன். உன்கூடவே வந்துடறேன். சுக்கானுக்கு மைக் இருக்கான், குழிக்கு நான் இருக்கேன்."

அவள் அரத்தை நிறுத்தவில்லை. "அவனைக் கரையேத்தணும்னுதானே மைக்கை வாங்கச் சொன்னே?"

நான் இஸ்திரிச் சட்டையின் கையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"நீ சொன்னதுக்காக நான் வாங்கலை. நாலு கம்பியிலயும் ஒரே நேரத்துல மீன் அடிச்சா ஒருத்தி என்ன பண்றது? பாதி மீன் அறுத்துக்கிட்டுப் போகுது. எனக்குப் பக்கத்துல இன்னும் ரெண்டு கை வேணும். சக்கரத்தை விட்டுட்டு இங்க வான்னு அவன்கிட்ட சொல்ல இத்தனை வருஷமா வாய் வரலை. அதுமேல அவனுக்கு அவ்வளவு பெருமை. மைக் வந்தா அவனா பின்னாடி வருவான்னு நெனச்சேன். அவன் படுக்கப் போயிட்டான்."

"சொல்லியிருக்கலாமே?"

"அவன் கேட்டிருக்கலாமே?"

"ரெண்டு கைதானே வேணும்? எனக்கும் ரெண்டு இருக்கு."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை. "உன் கை உன் படகுலயே இருக்கட்டும், செல்மர்" என்றாள்.

சனிக்கிழமை சாயங்காலம் ஊர்ப் பொது நீராவிக் குளியலறையில் வெண்டல் என் பக்கத்துப் பலகையில் வந்து உட்கார்ந்தான். உடம்பு பாதியாகிவிட்டிருந்தது. சூட்டுக் கல்லில் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிவிட்டு, ஆவிக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு அழுதான். எனக்கு முதலில் இனித்தது. அப்புறம் அதுவும் பொறுக்கவில்லை. அழுவதற்காவது அவனுக்கு ஒருத்தி இருக்கிறாள்.

"அவளுக்கு என்னாலே ஆகவேண்டியது ஒண்ணுமில்லை. எல்லாத்துக்கும் மைக் இருக்கான்" என்றான்.

நெஞ்சில் இருந்ததை நான் சொல்லியிருக்கக்கூடாது. ஆனால் எரிச்சல் தலைக்கேறிவிட்டது.

"மைக்காம் மைக்! மைக்குக்குக் கை இருக்காடா? அவளுக்கு வேணுங்கறது குழியில நின்னு மீன் இழுக்க ரெண்டு கை. அவளே என்கிட்ட சொன்னா. நீதான் ரத்தத்தைப் பார்த்தா சுருண்டு விழற கோதுமை மூட்டையாச்சே! போ, டகோட்டாவுக்கே போய் டிராக்டர் ஓட்டு. உன்னாலெல்லாம் ஆகாது."

அவமானப்பட்டு ஓடிப்போவான் என்று நினைத்தேன். அவன் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். "அவளே சொன்னாளா?" என்று மட்டும் கேட்டான். துண்டைக் கட்டிக்கொண்டு எழுந்து போனான். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

திங்கட்கிழமை குளிர்சாலையில் மீன் வெட்டும் மேசையில் அவன் நின்றுகொண்டிருந்தான். முதல் நாள் ஒன்பது தடவை வெளியே ஓடி வாந்தி எடுத்தான் என்று ஹார்வி எண்ணிச் சொன்னான். இரண்டாம் நாள் ஆறு. வயிற்றைக் கீறுவது, செவுளை அறுப்பது, முதுகெலும்போரம் ரத்தத்தைக் கரண்டியால் சுரண்டுவது எல்லாவற்றையும் பொம்பளைகளிடம் கேட்டுக் கேட்டுக் கற்றான். பத்து விரலிலும் வெட்டு. எல்லாரும் சிரித்தார்கள், நான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். இரண்டு வாரம் கழித்து லெம்பி மீன் இறக்க வந்தபோது அவன் படகோரம் போய்க் கைகளை நீட்டிக் காட்டினான். ஹெல்மி அந்தக் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கத்தியை ரொம்ப அழுத்திப் புடிக்கிறே" என்றாள். பிறகு, "வா" என்றாள்.

செப்டம்பரில் கோஹோ வகை சால்மன் வந்தது. வருடத்தில் கடைசி ஓட்டம். நான் விளிம்பில் கிழக்கே போய்க்கொண்டிருந்தேன். எதிரே லெம்பி வந்தது, வரிசை தப்பாமல், நேராக. முன்னறையில் யாருமில்லை. குழி ஒருவர் நிற்கத்தான் அளவு, இரண்டு பேர் நின்றால் தோள் உரசாமல் கம்பி இழுக்க முடியாது. இருவரும் குனிந்து ஒரே மீனைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். அவன் ஏதோ சொன்னான், அவள் வாய்விட்டுச் சிரித்தாள். ஹெல்மி அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. என்னைக் கண்டதும் வெண்டல் ரத்தக் கையைத் தூக்கி ஆட்டினான்.

"செல்மர்! மைக்குக்கு ரொம்பத் தேங்க்ஸ்யா!"

அவன் கிண்டல் செய்யவில்லை. மனசாரத்தான் சொன்னான். இருபத்திரண்டு வருடம் அவன் முன்னேயும் அவள் பின்னேயுமாக நின்றார்கள், நடுவே முப்பதடி இருந்தது. அந்த முப்பதடியையும் வழித்தெடுத்து இருவரையும் ஒரே குழியில் நிற்கவைத்தவன் நான். நானும் கையை ஆட்டினேன். என் படகை மைக் நேராகத்தான் ஓட்டிக்கொண்டிருந்தான். என் நாலு கம்பியிலும் ஒரே நேரத்தில் மீன் அடித்தது, இரண்டை நான் பிடித்தேன், இரண்டு அறுத்துக்கொண்டு போயின.